சொல்லின் கொடுக்கு
அவதூறு வழக்குகளில் மையப்பொருளைக் காத்தல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வாழ்த்திப் பேச வேண்டிய மேடையில் வழக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று சிலர் எண்ணலாம். இவ்வட்டத்தின் பணி என்ன என்று நினைத்துப் பாருங்கள். ஒருவர் கவிதை படிக்கிறார். மற்றவர்கள் அதன் நிறையும் குறையும் உரைக்கிறார்கள். ஒருவர் நூல் வெளியிடுகிறார். மற்றொருவர் அதனைத் திறனாய்ந்து எழுதுகிறார். பாராட்டி எழுதியவர்மேல் யாரும் வழக்குத் தொடுப்பதில்லை. குறை சொல்கிறவனும், அதிகாரத்தில் இருப்பவரின் தவற்றைச் சுட்டுகிறவனும், எள்ளி நகையாடுகிறவனும்தான் நீதிமன்றப் படியேற நேர்கிறது. எழுத்தாளர் கூடும் அவையில் இதனைப் பற்றி ஒரு முறையேனும் ஆழ்ந்து எண்ணுவது பொருத்தமே என்று கருதுகிறேன்.

நான் சட்டம் பயின்றவள் அல்லள், தமிழ் கற்பிப்பவள். ஆயினும் அவதூறு வழக்கு என்பது அடிப்படையில் ஒரு சொற்பொருள் ஆராய்ச்சி. ஒரு வாக்கியம் அச்சாகியிருக்கிறது. அது என்ன சொல்கிறது? அது சொல்வது உண்மையா? இவ்விரு வினாக்களும் நம் உரையாசிரியர்கள் நாள்தோறும் கையாண்ட வினாக்கள்தாம். இவ்விரண்டிலிருந்தும் வழக்கு விலகிப் போகும்போது என்ன நேர்கிறது, விலகாமல் நிற்கும்போது என்ன நேர்கிறது என்பதைச் சில மெய்யான வழக்குகளைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

சொல்லும் பொருளும்

தேளுக்கு உடம்பு முழுதும் நஞ்சில்லை, கொடுக்கில்தான் நஞ்சு. பழிச்சொல்லும் அப்படியே. நூறு வரிக் கட்டுரையில் கொட்டுகிற இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆங்கிலச் சட்ட வழக்கிலும் பழிச்சொல்லின் சாரத்தைக் கொடுக்கு என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறிக்கிறார்கள். வழக்கின் முதல் வேலை அந்தக் கொடுக்கு எங்கே இருக்கிறது என்று காண்பது.

அது எப்போதும் எளிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தை இருவகையாகப் பகுத்தார். வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். மறைத்துப் பழிப்பது பழிகரப்பு அங்கதம். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவில் அவதூற்றை வரையறுத்தபோது, மூன்றாம் விளக்கமாக, எதிர்மறைக் குறிப்பாகச் சொல்லப்படும் பழியும் அவதூறாகலாம் என்று சேர்த்தது. தொல்காப்பியர் வகுத்த இரண்டாம் வகை இங்கே சட்டத்திற்குள் வந்து நிற்பதைக் காண்கிறோம்.

புறநானூற்றின் 95ஆம் பாடலை நினைத்துக் கொள்ளுங்கள். அதியமானின் தூதாகச் சென்ற ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அவன் படைக்கருவிகள் நெய் பூசப்பெற்று, அணி புனைந்து, காவல் மிக்க இடத்தில் பொலிகின்றன என்று ஔவை போற்றுகிறார். தம் தலைவன் கருவிகளோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று வருந்துவார்போல் உரைக்கிறார். தொண்டைமான் வழக்குத் தொடுத்திருந்தால் எந்தச் சொல்லைக் காட்டியிருப்பான்? ஒரு சொல்லிலும் பழியில்லை. பொருள் முழுவதும் பழியே: உன் படை போர் கண்டதில்லை! இத்தகைய வழக்கில், 'படைக்கலங்கள் பளபளத்தன என்பது மெய்தானா' என்று நீதிமன்றம் பத்து நாள் சாட்சியம் கேட்டால் அது வீண் வேலை. 'தொண்டைமான் போர் அறியாதவன் என்பது மெய்யா' என்பதே கேட்க வேண்டிய வினா.

ஆங்கில நீதிமன்றங்கள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன. இயல்பான, நியாயமான வாசகர் ஒருவர் அச்சொற்களை எப்படிப் புரிந்துகொள்வார் என்று கேட்கின்றன. அவ்வாசகர் பேதையும் அல்லர். எதிலும் அழுக்கைத் தேடும் ஐயப்பிராணியும் அல்லர். நல்ல உரையாசிரியரிடம் நாம் எதிர்பார்க்கும் நடுவுநிலையும் இதுதான்.

பாரிஸ், 1898

மையப்பொருளில் வழக்கை நிறுத்துவது என்றால் வழக்கைச் சுருக்குவது என்றே பலரும் கொள்கிறார்கள். சுருக்குவதெல்லாம் நன்று அன்று. எமிலி ஜோலாவின் வழக்கு இதற்குச் சான்று. தமிழ் வாசகர்க்கு ஜோலா புதியவர் அல்லர்; அறிஞர் அண்ணா அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவ்வழக்கு எப்படி நடத்தப்பட்டது என்பதை மட்டும் இங்கே கூர்ந்து நோக்குவோம்.

பிரெஞ்சுப் படையின் கேப்டனும் யூதருமான ஆல்பிரட் டிரேபஸ், பகைநாட்டுக்கு இராணுவ இரகசியம் விற்றதாக 1894 டிசம்பரில் தண்டிக்கப்பட்டுத் தென்னமெரிக்கக் கரையருகே உள்ள பேய்த்தீவில் அடைக்கப்பட்டார். உண்மைக் குற்றவாளி எஸ்தர்ஹேஸி என்னும் வேறோர் அதிகாரி என்பதற்குச் சான்றுகள் வெளிப்பட்டன. ஆனால் 1898 ஜனவரி 11இல் இராணுவ நீதிமன்றம் எஸ்தர்ஹேஸியை விடுவித்தது. இரண்டே நாளில், ஜனவரி 13இல், 'லோரோர்' நாளிதழில் குடியரசுத் தலைவர் பெலிக்ஸ் போருக்கு ஜோலாவின் திறந்த மடல் வெளிவந்தது. தளபதிகளையும் அதிகாரிகளையும் கையெழுத்து வல்லுநர்களையும் பெயர் சுட்டி, ஒவ்வொருவர்மேலும் ஒரு குற்றம் சாட்டினார். தம்மீது வழக்குத் தொடுக்குமாறும் அவரே அழைத்தார். 1881ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டப்படி, பொது அதிகாரத்தில் இருப்போர்மேல் சாட்டிய பழியை உண்மை என மெய்ப்பிக்க வாய்ப்புண்டு. நீதிமன்றத்தில் சான்றுகளை வைத்தால் டிரேபஸின் வழக்கு மக்கள் கண்முன் மீண்டும் விரியும் என்பது அவர் எண்ணம்.

அரசு என்ன செய்தது? மடலில் எத்தனையோ குற்றச்சாட்டுகள் இருந்தும், போர்த்துறை அமைச்சர் பில்லோ தொடுத்த புகார் சில வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்தது. மேலிடத்து ஆணைப்படியே இராணுவ நீதிமன்றம் எஸ்தர்ஹேஸியை விடுவித்தது என்று ஜோலா எழுதியிருந்த வரிகள் அவை. ஏன் அவற்றை மட்டும்? மடல் முழுவதிலும் மெய்ப்பிக்க மிக அரிதான கூற்று அதுவே. ஆணை எழுத்தில் உண்டா? யார் இட்டார்? எப்போது இட்டார்? ஜோலாவின் கையில் அதற்குச் சான்று இல்லை. டிரேபஸ் குற்றமற்றவர் என்பதற்கோ சான்றுகள் இருந்தன. ஆகவே டிரேபஸைப் பற்றிப் பேசவிடாமல் செய்துவிட்டால் வழக்கு முடிந்தது.

1898 பிப்ரவரி 7இல் தொடங்கிய விசாரணையில் அப்படியே நடந்தது. ஜோலாவின் வழக்கறிஞர் லாபோரி டிரேபஸ் வழக்கை நோக்கி ஒரு கேள்வியை எழுப்புந்தோறும், அக்கேள்வி கேட்கப்படாது என்று நீதிபதி டெலகோர்க் மறுத்தார். திரும்பத் திரும்ப ஒலித்த அந்த மறுப்பே அவ்விசாரணையின் அடையாளச் சொல்லாக வரலாற்றில் நின்றுவிட்டது. டிரேபஸின் மனைவி சாட்சிக் கூண்டில் ஏறியும், கேட்க வேண்டியதைக் கேட்கவிடவில்லை.

இதனை நோக்கி, 'நீதிபதி வழக்கை அதன் எல்லைக்குள்தானே நிறுத்தினார்' என்று ஒருவர் வாதிடலாம். வாதம் சரிபோலவே தோன்றும். ஆனால் பிப்ரவரி 17இல் நிகழ்ந்ததைப் பாருங்கள். தளபதி பெல்லியே, டிரேபஸின் குற்றத்தை ஐயமற நிறுவும் ஆவணம் ஒன்று இருப்பதாக அவையில் அறிவித்தார். மறுநாள் படைத்தலைமைத் தளபதி புவாதேப்ரே அதனை உறுதிப்படுத்தி, படைத்தலைவர்களை நம்பவில்லையென்றால் தாங்கள் விலகத் தயார் என்று நடுவர் குழுவிடம் கூறினார். ஆவணம் காட்டப்படவில்லை, லாபோரி அதனைப் பற்றிக் குறுக்கு விசாரணை செய்யவும் இயலவில்லை. ஒரு தரப்புக்கு மூடிய கதவு மறு தரப்புக்குத் திறந்திருந்தது. பிப்ரவரி 23இல் ஜோலாவுக்கு ஓராண்டுச் சிறையும் 3,000 பிராங்க் தண்டமும் விதிக்கப்பட்டன.

ஆறு மாதம் கழித்து, ஆகஸ்டில், அந்த ஆவணம் போலி என்று தெரிந்தது. அதைப் புனைந்த அதிகாரி ஹென்றி அதனை ஒப்புக்கொண்டு, மறுநாள் சிறையில் மாண்டார். டிரேபஸ் முற்றிலும் குற்றமற்றவர் என்று 1906 ஜூலை 12இல் உயர்முறையீட்டு நீதிமன்றம் அறிவித்தது. ஜோலா 1902இலேயே மறைந்துவிட்டார்.

இவ்வழக்கில் கொடுக்கு எது? 'குற்றமற்றவனைத் தண்டித்தீர்கள், குற்றவாளியை விடுவித்தீர்கள், இரண்டையும் தெரிந்தே மறைத்தீர்கள்' என்பது. 'ஆணைப்படி' என்ற ஒரு சொல் அன்று. மையத்திற்குச் சுருக்குவது போலக் காட்டி, மிக நலிந்த சொல்லுக்கு வழக்கைச் சுருக்கிவிட்டார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன். இனி நான் சொல்வதெல்லாம் இதைச் சுற்றியதே.

இலண்டன், 2000

நூறாண்டு கழித்து இலண்டனில் இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்று நடந்தது. அமெரிக்கப் பேராசிரியை டெபோரா லிப்ஸ்டாட், நாஜிகள் செய்த யூத இனப்படுகொலையை மறுப்போரைப் பற்றி 1993இல் ஒரு நூல் எழுதினார். அதில் டேவிட் இர்விங் என்னும் ஆங்கில வரலாற்று எழுத்தாளர் சான்றுகளைத் தம் விருப்பத்திற்கேற்பத் திரிப்பவர் என்று குறிப்பிட்டிருந்தார். 1996இல் இர்விங், லிப்ஸ்டாட்மீதும் பெங்குவின் பதிப்பகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தார். ஆங்கிலச் சட்டத்தில் பழிக்கப்பட்டவர் தம் தூய்மையை நிறுவ வேண்டியதில்லை. எழுதியவரே தாம் எழுதியது உண்மை என்று மெய்ப்பிக்க வேண்டும்.

இவ்வழக்கு எத்தனை எளிதாகத் திசை மாறியிருக்கக்கூடும்! 'படுகொலை நடந்ததா, இல்லையா' என்பதை நீதிமன்றம் தீர்ப்பளிக்கப் போவதாக உலகமெங்கும் பேச்சு எழுந்தது. முகாம்களில் உயிர் பிழைத்த முதியவர்கள் சாட்சி சொல்ல முன்வந்தார்கள். அவர்களைக் கூண்டில் ஏற்றியிருந்தால் அவையின் கண்கள் கலங்கியிருக்கும். ஆனால் தமக்குத் தாமே வழக்கறிஞராக நின்ற இர்விங் அவர்களைக் குறுக்கு விசாரணை செய்திருப்பார். ஐம்பதாண்டுக்கு முந்திய ஒரு வாயிலின் திசையையோ ஒரு நாளின் தேதியையோ கேட்டு அவர்களை மடக்கி, அதையே வெற்றியாகக் காட்டியிருப்பார். எதிர்வாதத் தரப்பினர் அந்த வழியை மூடினார்கள். உயிர் பிழைத்தோர் எவரும் அழைக்கப்படவில்லை. லிப்ஸ்டாட்டும் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட வினா ஒன்றே: இர்விங் தம் சான்றுகளை வேண்டுமென்றே திரித்தாரா?

இதற்குத் தேவை கண்ணீரன்று, அடிக்குறிப்பு ஆராய்ச்சி. கேம்பிரிட்ஜ் வரலாற்றறிஞர் ரிச்சர்ட் எவான்ஸ் தம் உதவியாளர்களுடன் இர்விங்கின் நூல்களை எடுத்துக்கொண்டு, அவர் காட்டிய மூல ஆவணங்களைத் தேடிச் சென்று ஒப்பிட்டார். அவரது அறிக்கை எழுநூறு பக்கங்களைக் கடந்தது.

ஓர் எடுத்துக்காட்டு நம் போன்ற இலக்கணம் படித்தோர்க்கு உடனே விளங்கும். 1941 நவம்பர் 30இல் ஹிட்லரின் தலைமையகத்திலிருந்து ஹிம்லர் செய்த தொலைபேசி உரையாடல் குறிப்பு ஒன்று உண்டு. பெர்லினிலிருந்து சென்ற யூதர்களின் ஒரு பயணத்தொகுதியைக் கொல்ல வேண்டாம் என்பது அதன் பொருள். இர்விங்கோ, யூதர்களைக் கொல்லக் கூடாது என்று ஹிட்லர் பொதுவாக ஆணையிட்டதற்குச் சான்றாக அதனைக் காட்டினார். ஒருமை பன்மையாயிற்று, ஓர் இரயில் ஓர் இனமாயிற்று. இத்தகைய மாற்றங்கள் ஒன்றிரண்டாக இருந்தால் கைப்பிழை எனலாம். எல்லாப் பிழைகளும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதற்குப் பெயர் பிழையன்று என்பதே எதிர்வாதத்தின் முடிபு.

2000 ஜனவரி 11இல் தொடங்கிய விசாரணை 32 நாள் நடந்தது. இரு தரப்பாரும் உடன்பட்டதால் நடுவர் குழு இல்லை. நீதிபதி சார்லஸ் கிரே ஏப்ரல் 11இல் அளித்த தீர்ப்பில், வரலாறு எழுதுவது தம் பணியன்று என்று தெளிவாக வரையறுத்துக்கொண்டார். நேர்மையான ஒரு வரலாற்றாசிரியர் அச்சான்றுகளை எப்படிக் கையாண்டிருப்பார், இர்விங் எப்படிக் கையாண்டார் என்பதையே அவர் அளந்தார். இர்விங் தோற்றார்.

இவ்வழக்கில் பலர் கவனியாத ஒரு கூறு உண்டு. லிப்ஸ்டாட்டின் நூலில் இருந்த எல்லாமே மெய்ப்பிக்கப்படவில்லை. இர்விங் தம் மேசைக்குமேல் ஹிட்லரின் படம் ஒன்றை மாட்டியிருந்தார் என்பது போன்ற சில கூற்றுகளுக்குப் போதிய சான்று இல்லை என்று நீதிபதி வெளிப்படையாகவே கூறினார். ஆயினும் 1952ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் ஐந்தாம் பிரிவில் ஒரு வழி வகுத்திருந்தது: பெரும்பழி மெய்யென நிறுவப்பட்டபின், நிறுவப்படாத சிறு பழிகள் ஒருவர் மதிப்பை மேலும் குறிப்பிடத்தக்க அளவு தாழ்த்தாவிட்டால், அவற்றைக் கொண்டு எதிர்வாதத்தைத் தோற்கடிக்க முடியாது. சான்றுகளைத் திரித்தவர் என்று நிறுவப்பட்ட ஒருவருக்குச் சுவரில் தொங்கிய படத்தால் புதிதாக என்ன இழிவு?

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பாரிஸில் நலிந்த ஒரு வரியை எடுத்து, அதுவே முழு மடல் என்று தீர்ப்பளித்தார்கள். இலண்டனில் நலிந்த வரிகள் நலிந்தவை என்று ஒப்புக்கொண்டும், அவை முழு நூலைக் கவிழ்க்க இடம் தரவில்லை. இரண்டு நீதிமன்றங்களும் எல்லை வகுத்தன. ஒன்று உண்மையைப் புறத்தே தள்ளி வேலியிட்டது. மற்றது உண்மையைச் சுற்றி வேலியிட்டது.

சிறு பிழையும் பெரும் பொருளும்

சிறு பிழையை ஆயுதமாக்கும் முயற்சி அமெரிக்காவிலும் நடந்தது. 1960 மார்ச் 29இல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்திற்கு நிதி வேண்டி ஒரு விளம்பரம் வந்தது. அலபாமா மாநிலத்தில் கறுப்பின மாணவர்கள்மேல் நடந்த அடக்குமுறை அதில் விவரிக்கப்பட்டிருந்தது. சில விவரங்கள் பிழை. கிங் நான்கு முறை கைதானார். விளம்பரம் ஏழு என்றது. மாணவர்கள் பாடியது நாட்டுப்பண். விளம்பரம் வேறு பாடலைச் சொன்னது. மாண்ட்கமரி நகர ஆணையர் சல்லிவன், தம் பெயர் எங்கும் குறிக்கப்படாத நிலையிலும் வழக்குத் தொடுத்தார். அலபாமா நடுவர் குழு அவருக்கு ஐந்து இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. அடக்குமுறை நடந்ததா என்ற வினா, எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்ற வினாவுக்குள் மறைந்து போயிற்று!

1964 மார்ச்சில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. பொது அதிகாரி தம் அலுவல் பற்றிய எழுத்துக்காக வழக்காட வேண்டுமானால், எழுதியவர் பொய்யென்று அறிந்தே எழுதினார், அல்லது உண்மையா பொய்யா என்று சற்றும் பொருட்படுத்தாமல் எழுதினார் என்று நிறுவ வேண்டும் என விதித்தது. கேட்க வேண்டிய வினாவையே அத்தீர்ப்பு மாற்றியமைத்தது.

இவ்வழக்குக்கும் நமக்கும் நேரான தொடர்பு உண்டு. சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் தடுக்க முயன்றார்கள். 1994இல் இந்திய உச்சநீதிமன்றம் இராஜகோபால் வழக்கில், அவதூறு வரும் என்று அஞ்சி வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றது. அதிகாரிகள் தம் பணி பற்றிய எழுத்துக்காக இழப்பீடு கோருவதற்கும் அமெரிக்கத் தீர்ப்பை ஒட்டிய வரம்பைக் கட்டியது. ஒரு தமிழ் இதழால் நாடு முழுமைக்கும் கிடைத்த நெறி அது.

முந்நூற்றுப் பதின்மூன்று நாள்

வினாவைச் சுருக்காமல் விட்டால் என்ன ஆகும்? இலண்டனில் இரு எளிய மனிதர்கள்மேல், ஹெலன் ஸ்டீல், டேவ் மாரிஸ் என்போர்மேல், மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1990இல் வழக்குத் தொடுத்தது. அவர்கள் சார்ந்த குழு வழங்கிய துண்டறிக்கை ஒன்றே காரணம். காடழிப்பு, உணவின் தரம், சிறுவரைக் கவரும் விளம்பரம், விலங்கு வதை, தொழிலாளர் ஊதியம் என அதில் பல செய்திகள். ஒவ்வொன்றும் தனி வழக்காயிற்று. 1994 ஜூனில் தொடங்கிய விசாரணை 313 நாள் நடந்தது. 1997 ஜூன் 19இல் வந்த தீர்ப்பில் சில கூற்றுகள் மெய், சில பொய் என்றாயிற்று. அவ்விருவருக்கும் வழக்கறிஞர் இல்லை; அவதூறு வழக்குக்கு அரசின் சட்ட உதவியும் இல்லை. 2005இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது நியாயமான விசாரணை உரிமைக்கும் பேச்சுரிமைக்கும் மாறானது என்று தீர்ப்பளித்தது.

வழக்கு நீளுந்தோறும் பொருள் உள்ளவன் தாங்குவான், இல்லாதவன் சாய்வான். ஆகவே மையத்தில் நிற்பது நேரச் சிக்கனம் மட்டுமன்று. வலியவனும் எளியவனும் ஒரே தட்டில் நிற்பதற்கான வழியும் ஆகும்.

நூலும் ஆளும்

இனி நமக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருகிறேன். திறனாய்வு அவதூறா?

499ஆம் பிரிவுக்குப் பத்து விலக்குகள் இருந்தன. ஆறாம் விலக்கு நமக்கென்றே எழுதப்பட்டது போன்றது. நூலை வெளியிட்டவர் அதனைப் பொதுமக்கள் தீர்ப்புக்கு வைத்துவிட்டார். அதன் தகுதி பற்றி நல்லெண்ணத்துடன் கூறும் கருத்து அவதூறாகாது. இதற்குச் சட்டம் இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறது. ஒருவரின் நூல் மடமை நிறைந்தது, ஆகவே அவர் நலிந்த அறிவினராக இருக்க வேண்டும் என்று எழுதினால் அது விலக்குக்குள் அடங்கும்; நூலில் வெளிப்படும் அளவுக்கே அவர் பண்பைப் பற்றிப் பேசியதால். அவரே நலிந்தவர், ஒழுக்கம் கெட்டவர், ஆதலால் நூல் இப்படி இருப்பதில் வியப்பில்லை என்று எழுதினால் அது விலக்குக்குள் அடங்காது. சொற்கள் ஏறத்தாழ ஒன்றே, திசைதான் வேறு. நூலிலிருந்து ஆளை நோக்கிச் செல்லலாம். ஆளிலிருந்து நூலை நோக்கி வரக்கூடாது. திறனாய்வு நெறியை இதனினும் சுருக்கமாக யாரும் வகுத்ததாக நான் அறியேன்.

இந்தத் திசை தெரியாமல் தடுமாறிய வழக்கு ஒன்று 1878 நவம்பரில் இலண்டனில் நடந்தது. ஓவியர் விஸ்லரின் இரவுக்காட்சி ஓவியம் ஒன்றைப் பற்றித் திறனாய்வாளர் ரஸ்கின் முந்திய ஆண்டு கடுமையாக எழுதினார். ஓவியத்தைக் குறை சொன்னதோடு நில்லாமல், 200 கினி விலை கேட்ட ஓவியரையும் தற்பெருமைக்காரர் என்று சாடினார். எழுத்து ஓவியத்தைத் தாக்கியதா, ஆளைத் தாக்கியதா என்பதுதான் மைய வினா. நீதிமன்றமோ, ஓவியம் முழுமை பெற்றதா, எத்தனை நாளில் வரைந்தது என்று கேட்டது. ஒப்பிட்டுப் பார்க்கத் தீஷியன் வரைந்ததாகக் கருதப்பட்ட பழைய ஓவியம் ஒன்றும் அவைக்குக் கொண்டுவரப்பட்டது. முடிவில் விஸ்லர் வென்றார். கிடைத்த இழப்பீடு ஒரு பார்த்திங், அதாவது பென்னியில் நாலில் ஒரு பங்கு. செலவுத்தொகையும் கிடைக்கவில்லை, மறு ஆண்டே அவர் கடனாளியாக அறிவிக்கப்பட்டார். கலைக்கும் பயனில்லை, திறனாய்வுக்கும் பயனில்லை.

நாம் கொள்ள வேண்டியவை

அன்பர்களே, இந்தியாவில் அவதூறு இன்றும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமே. 2016இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்திற்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 356ஆம் பிரிவில் அதனைக் காத்து வைத்திருக்கிறது. ஈராண்டு வரை வெறுங்காவல், அல்லது தண்டம், அல்லது இரண்டும், அல்லது சமுதாயப் பணி என்பது தண்டனை. குற்ற வழக்கில் உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது. பொதுநன்மைக்காக வெளியிட்டதாகவும் காட்ட வேண்டும். ஆகவே நம் எழுத்தின் மையம் எது என்பது நமக்கே முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

என் கருத்தில் மூன்று செய்திகளை நாம் கடைப்பிடிக்கலாம்.

முதலாவது, மெய்ப்பிக்க இயலாத அடைமொழியை மெய்ப்பிக்க இயலும் குற்றச்சாட்டோடு கட்டி விடாதிருத்தல். 'ஆணைப்படி' என்னும் ஒரு சொல் ஜோலாவின் எதிரிகளுக்குக் கதவு திறந்தது. சினத்தில் எழுதும்போது நம் கை தானாகவே ஒரு சொல்லை மிகுத்து எழுதும். அச்சுக்கு அனுப்பும் முன் அந்த மிகைச் சொல்லைத் தேடிக் களைவது கோழைத்தனம் அன்று. நம் உண்மைக்கு நாம் செய்யும் காவல்.

இரண்டாவது, செய்தியையும் கருத்தையும் பிரித்து எழுதுதல். 'இக்கவிதையின் பன்னிரண்டு வரிகள் முந்திய நூலொன்றில் உள்ளவை' என்பது செய்தி. நூலைத் திறந்து காட்டிவிடலாம். 'இக்கவிதையில் உயிரில்லை' என்பது கருத்து. அதற்குச் சாட்சி தேவையில்லை. 'இவர் திருடர்' என்பது இரண்டையும் குழப்பி, ஆளின்மேல் எறிந்த கல்.

மூன்றாவது, பழிக்கப்பட்டவராக நாம் நிற்கும்போது கொள்ள வேண்டியது. நம்மைக் குறை சொன்ன கட்டுரையில் ஆண்டு ஒன்று பிழையாக இருக்கும். ஊர்ப்பெயர் ஒன்று தவறியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஆரவாரம் செய்தால் அன்றைக்கு வென்றதுபோல் இருக்கும். சொன்ன குற்றம் மட்டும் விடையின்றி அப்படியே நிற்கும். அலபாமாவின் ஆணையர் செய்ததும் அதுதான். குற்றத்தின் மையத்திற்கு விடை சொல்ல முடிந்தால் சொல்லுவோம். பெரும்பாலும் அதற்கு நீதிமன்றம் தேவைப்படாது, இவ்வட்டத்தின் அடுத்த கூட்டமே போதும்.

நீதிபதிகளுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதியில்லை. வாசகர்களாகிய நமக்குச் சொல்லலாம். நாளிதழில் ஓர் அவதூறு வழக்கைப் பற்றிப் படிக்கும்போது, யார் வென்றார் என்று கேட்பதற்கு முன், எந்த வினாவுக்கு விடை கண்டார்கள் என்று கேட்போம். அச்சாகிய சொற்கள் எழுப்பிய வினா அதுதானா? இரு தரப்பாரும் அதனைப் பேச விடப்பட்டார்களா? இவற்றைக் கேட்கத் தெரிந்த வாசகர்கள் பெருகினால், கேள்வி கேட்கப்படாது என்று சொல்லும் துணிவு எந்த அவைக்கும் எளிதில் வராது. ஜோலா சிறைத்தண்டனை பெற்ற நாளில், கடல் கடந்த தீவில் ஒரு மனிதர் தம்மைப் பற்றிய வழக்கு நடப்பதை அறியாமலே அடைபட்டுக் கிடந்தார். மேலும் ஓராண்டுக்கு மேல் அவர் அங்கே கிடக்க வேண்டியதாயிற்று. ஒரு வினாவைத் தடுத்ததன் விலை அது.

பத்தாண்டுகளாக நிறையையும் குறையையும் நேர்நின்று பேசும் வழக்கத்தை இவ்வட்டம் வளர்த்திருக்கிறது. அந்த வழக்கம் மேலும் தழைக்க வேண்டும்.